மெழுகு, அரக்கு, நாடா: வீட்டு ஒலிப்பதிவின் பழுதுகளும் பழுது நீக்கலும்

இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் 1905ஆம் ஆண்டு ஒரு செப்பேட்டுத் தொகுதி வெளிப்பட்டது. முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக்குரிய அத்தொகுதியில் 31 ஏடுகள். அவற்றைக் கோத்த வளையத்தில் சோழ முத்திரை. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்த கொடையைச் சொல்லும் அவ்வேடுகள், ஒன்பது நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் மறைந்து கிடந்தும் எழுத்துச் சிதையாமல் கிடைத்தன. வரலாறு பயில்வோர் அனைவரும் அறிந்த செய்தி இது.

அதே 1905ஆம் ஆண்டினவாகக் குறிக்கப்படும் வேறொரு தொகுதியை நம்மில் பலர் அறிய மாட்டார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் அவருடன் பணியாற்றிய கே. ரங்காச்சாரியும் தென்னிந்திய மக்களின் பாடல்களை மெழுகு உருளைகளில் பதிவு செய்தனர். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற நூலால் இவ்விருவர் பெயரும் நமக்குப் பழக்கம். அந்நூலுக்கான களப்பணிக் காலத்தில் போனோகிராஃப் கருவியும் உடன் சென்றது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவ்வுருளைகள் இன்று லண்டன் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. கேட்க முடிகிறது, ஆனால் இரைச்சலுக்கு ஊடே, தொலைவில் யாரோ பாடுவதைப் போலத்தான் கேட்க முடிகிறது. செம்பு 900 ஆண்டுகள் தாங்கியதை மெழுகு நூறாண்டு தாங்கவே திணறியிருக்கிறது.

மெழுகு உருளையின் இயல்பு அப்படி. ஊசி கீறிய பள்ளத்தில் மீண்டும் ஊசி ஓடித்தான் ஒலி எழவேண்டும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் பள்ளம் சிறிது தேயும். அதாவது கேட்பதே சேதப்படுத்துவதாகும். இதற்கு முந்தைய நிலை இன்னும் மோசம். 1877இல் எடிசன் செய்த முதற் கருவி வெள்ளீயத் தாளில் பதிந்தது. சிலமுறை ஓட்டினால் தாள் கிழிந்துவிடும். மெழுகு வந்தபின் பதிவு ஓரளவு நிலைத்தது. வெப்பத்தில் இளகுவதும், ஈரத்தில் பூஞ்சை பிடிப்பதும், கைதவறினால் நொறுங்குவதும் அதனுடன் வந்த துன்பங்கள். நமது கடற்கரைப் பகுதியின் தட்பவெப்பத்தை எண்ணிப் பார்த்தால், தர்ஸ்டனின் உருளைகள் சென்னையிலேயே தங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற ஐயம் எழுகிறது. அவை கடல்கடந்து போனது குறித்து நமக்கு வருத்தம் உண்டு. பூஞ்சைக்கு அந்த வருத்தம் தெரியாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெழுகு உருளைக் கருவியில் ஒருவர் கேட்கவும் முடியும், பதியவும் முடியும். பதிந்ததைச் சீவி எடுத்துவிட்டு அதே உருளையில் மறுபடியும் பதியலாம். ஆகவே 'வீட்டு ஒலிப்பதிவு' என்பது ஒலிப்பதிவு தோன்றிய காலத்திலேயே தோன்றிவிட்டது. பிறகு தட்டு வந்தது, உருளையை வென்றது. தட்டைக் கேட்க மட்டுமே முடியும். பதிவது கம்பெனியின் வேலை. நம் நாட்டில் 1902இல் கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பர்க் வந்து கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்ததிலிருந்து தட்டின் காலம் தொடங்குகிறது. அந்தத் தட்டுகளின் மூலப்பொருளான அரக்கு நம் நாட்டுக் காடுகளில் கிடைப்பது. ஆனால் தட்டாக உருப்பெற அவை தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய் வந்தன. சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை விற்ற காலத்திலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. பாடகர் பாடினார், கம்பெனி பதிந்தது, வீட்டார் வாங்கிக் கேட்டனர். வீட்டுக்கு என்று ஒரு குரல் தட்டில் ஏற வழியில்லை.

1921இல் மறைந்த பாரதியின் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் பாடுவதைக் கேட்டவர்கள் எழுதி வைத்த குறிப்புகளே உள்ளன. ஒலிப்பதிவுக் கருவி சென்னைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. கருவி இருந்தது, அது யார் கையில் இருந்தது என்பதே கேள்வி.

இப்போது நாடாவுக்கு வருவோம். உண்மையில் நம் கட்டுரையின் பொருள் இதுதான்.

1898இல் டென்மார்க்கின் வால்டெமார் பௌல்சன் எஃகுக் கம்பியில் காந்தப் பதிவைச் செய்து காட்டினார். 1928இல் ஃபிரிட்ஸ் ஃபிளோய்மர் காகிதப் பட்டையில் இரும்புத்தூளைப் பூசி நாடாவை உருவாக்கினார். 1935இல் ஜெர்மனியின் ஏ.ஈ.ஜி. நிறுவனம் மேக்னட்டோஃபோன் என்ற கருவியைக் காட்சிக்கு வைத்தது. ஆனால் இரைச்சல் அதிகம், இசைக்கு உதவாது. 1940இல் பெர்லின் வானொலியில் வால்டர் வெபர் என்ற பொறியாளர் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, ஒலிபெருக்கிச் சுற்று ஒன்று பழுதுபட்டுத் தானாகவே செவிக்கெட்டாத மிகையதிர்வில் துடிக்கத் தொடங்கிற்று. விளைவு? பதிவு கெடவில்லை, இரைச்சல் நீங்கித் தெளிந்தது. பழுதைக் கண்டதும் சரிசெய்துவிட்டுப் போகாமல், ஏன் இப்படி ஆயிற்று என்று அவர் தேடினார். செவிக்கெட்டாத அந்த மிகையதிர்வைப் பதிவொலியுடன் கலந்து விட்டால் நாடாவில் காந்தப்பதிவு சீராகப் படிகிறது என்ற உண்மை வெளிப்பட்டது. அதன்பின் உலகெங்கும் செய்யப்பட்ட நாடாக் கருவிகளில் இம்முறையே பெருவழக்காயிற்று. நம் வீடுகளில் இருந்த டேப் ரெக்கார்டர் ஒவ்வொன்றும் அன்று பெர்லினில் கெட்டுப்போன அந்த ஒலிபெருக்கியின் வழித்தோன்றலே.

போருக்குப்பின் நாடாக் கருவிகள் உலகெங்கும் பரவின. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் வசதிபடைத்த சில வீடுகளில் கிரண்டிக், டெலிபுங்கன், பிலிப்ஸ், அகாய் எனக் கருவிகள் குடியேறின. வெளிநாடு போய்வந்த உறவினர் கொண்டுவந்தவை பல. நம்மவர்கள் இவற்றை வைத்து என்ன செய்தார்கள்? கர்நாடக இசைக் கச்சேரிகளைப் பதிந்தார்கள். சபைகளில், கல்யாண வீடுகளில், கோயில் திருவிழாக்களில், வானொலியின் முன்னால். தட்டு மூன்று மணித்துளிக்கு மேல் கொள்ளாது. அதற்குள் ஒரு கீர்த்தனையைச் சுருக்கிப் பாடி முடிக்கவேண்டும். நாடாவுக்கு அந்தத் தளை இல்லை. மதுரை மணி ஐயர் 1968இல் மறைந்தார், ஜி.என். பாலசுப்ரமணியம் 1965இல், அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் 1967இல். இவர்கள் ஒரு இராகத்தை விரித்துப் பாடியது எப்படி என்பதை இன்று நாம் அறிவது பெரும்பாலும் ரசிகர்களின் வீட்டு நாடாக்களால்தான். அவற்றில் ஒன்று கெட்டால் கெடுவது ஒரு வீட்டாரின் உடைமை மட்டுமன்று. வேறு படி இல்லாத மூலம் ஒன்று போகிறது. ஓலைச்சுவடியின் செய்தியும் இதுவேயல்லவா?

ஏழு அங்குலச் சுருளில் 1200 அடி நாடா இருக்கும். விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் ஓடினால் ஒரு பக்கம் 32 மணித்துளி. வேகத்தைப் பாதியாக்கினால் 64. நாடா விலை அதிகம். ஆகவே வீட்டில் பதிந்தோர் வேகத்தைக் குறைத்தார்கள். வேகம் குறைந்தால் ஒலித்தெளிவும் குறையும். நான்கு மணிநேரக் கச்சேரிக்கு நடுவே சுருளை மாற்றவேண்டும். மாற்றும் நேரத்தில் பாடியது போய்விடும். பழைய பதிவுகள் பலவற்றில் தனியாவர்த்தனம் இல்லாமலோ குறுகியோ இருப்பதைக் கேட்டிருப்பீர்கள். நாடாவைச் சேமிக்க எண்ணியவர்களுக்கு மிருதங்கம்தான் முதலில் கண்ணில் பட்டிருக்கிறது. இதை மிருதங்க வித்துவான்கள் மன்னிப்பார்களா என்பது தெரியாது.

இனி, பழுதல்லாத பழுதுகள் சிலவற்றைப் பார்ப்போம். பரணிலிருந்து இறக்கிய சுருளை யாரோ ஒருவரின் கருவியில் ஓட்டுகிறோம். ஒரு காதில் கல்யாணி கேட்கிறது. மறு காதில் இனந்தெரியாத ஏதோ ஒரு மொழி பின்னோக்கி உளறுகிறது. கருவி கெட்டது, நாடா கெட்டது என்று பதறுவோர் உண்டு. எதுவும் கெடவில்லை. பழைய ஒற்றையொலிக் கருவிகள் நாடாவின் அகலத்தில் மேற்பாதியில் ஒருதிசையும், சுருளைத் திருப்பிப் போட்டபின் கீழ்ப்பாதியில் மறுதிசையும் பதிந்தன. பின்னாளைய ஸ்டீரியோ கருவி நாடாவை நான்கு தடங்களாகப் பகுத்து, முதல் தடத்தையும் மூன்றாம் தடத்தையும் சேர்த்துப் படிக்கிறது. முதல் தடம் இந்தப் பக்கத்துக் கல்யாணி. மூன்றாம் தடம் அந்தப் பக்கத்துப் பாட்டின் வால். ஒரு பக்கத்து ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. பயன்படுத்தும் கருவியின் வரலாறு தெரியாமல் மூலத்தைக் குறை சொல்வது நம் துறையிலும் நடப்பதுதான். மைப்படியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எழுத்துப் புரியவில்லை என்பதற்கு ஒப்பானது.

இன்னொன்று வேகம். அமெரிக்காவில் மின்னோட்டம் விநாடிக்கு 60 அதிர்வு, இங்கே 50. மின்னோட்ட அதிர்வையே அளவாகக்கொண்டு சுழலும் மோட்டார் உள்ள அமெரிக்கக் கருவியை, மின்மாற்றி வைத்து இங்கே ஓட்டினால் ஓடும். ஆனால் ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தில் மெதுவாக ஓடும். சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். நாலு கட்டையில் பாடியவர் இரண்டு கட்டையில் பாடுவதாகக் கேட்கும். இவ்வாறு இறங்கிய படிகளைக் கேட்டுவிட்டு, இன்ன வித்துவானின் குரல் இப்படிக் கனமானது என்று எழுதினால் அது எத்தகைய வரலாறாகும்? தட்டுகளிலும் இச்சிக்கல் உண்டு. 78 சுற்று என்று நாம் ஒரே பெயரால் அழைத்தாலும், தொடக்க காலத் தட்டுகள் எழுபதுகளில் தொடங்கி எண்பதுக்கு மேலும் பல வேகங்களில் பதியப்பட்டவை.

வேகத்தைச் சரிபார்க்க ஓர் அழகிய வழி உண்டு. வீட்டு மின்சாரத்தில் ஓடிய கருவி தன்னையறியாமல் மின்னோட்டத்தின் மெல்லிய முனகலையும் நாடாவில் பதிந்துவிடும். பாட்டுக்கு அடியில் தம்புராவுக்கும் கீழே ஓர் ஓயாத ரீங்காரம். கேட்போருக்கு அது இடையூறு. ஆய்வோருக்கு அது சான்று. கணிப்பொறியில் அளந்து பார்க்கும்போது 50 என்று இருக்கவேண்டியது 53 என்று காட்டினால், நாடா ஏறத்தாழ ஓர் அரைச்சுரம் உயர்ந்து ஒலிக்கிறது என்று கொள்ளலாம். எழுத்தமைதியைக் கொண்டு கல்வெட்டின் காலத்தை அறுதியிடுவதைப் போன்ற வேலை இது. இதிலும் எச்சரிக்கை வேண்டும். நம் மின்தொகுப்பின் அதிர்வெண் எப்போதும் 50இலேயே நின்றதில்லை. 49க்கும் கீழே இறங்கிய நாள்கள் 1990களில் ஏராளம். ஆகவே இந்த அளவுகோலுக்கும் ஒரு பிழை எல்லை உண்டு.

மெய்யான பழுதுகளில் முதலிடம் மின்னழுத்தத்துக்கு. வெளிநாட்டுக் கருவிகளின் பின்புறத்தில் 110, 127, 220, 240 என்று திருப்பி வைக்கும் திருகு ஒன்று இருக்கும். அது 110இல் நிற்பதைப் பாராமல் நம் மின்சாரத்தில் செருகினால், நல்லூழ் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் மின்மாற்றியே கருகும். எரிந்த வாடை வந்தவுடன் எல்லாம் போயிற்று என்று எடைக்குப் போட்டுவிட்ட வீடுகள் உண்டு. ஃபியூஸை மாற்றிப் பார்க்கும் பொறுமை இருந்திருந்தால் அவற்றுள் சில பிழைத்திருக்கும். எவ்வாறாயினும், கருவி கருகினாலும் அதில் இருந்த சுருளுக்கு ஒன்றும் ஆகியிராது என்பதை மறந்து சுருளையும் சேர்த்து எறிந்துவிட்டதுதான் கொடுமை.

இரண்டாவது பழுது நாடாவின் உடலிலேயே இருக்கிறது. பழைய சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் சிலவற்றில் ஒளி ஊடுருவும். அவை அசிட்டேட் நாடாக்கள். ஊடுருவாதவை பாலியெஸ்டர். அசிட்டேட் நாளடைவில் காடி நாற்றம் எடுத்துச் சுருங்கும், முறுகும், அறும். ஆனால் அறும்போது நேராக அறும். வெட்டு முனைகளைச் சேர்த்து ஒட்டினால் ஓர் எழுத்தும் குறையாமல் பாட்டுத் தொடரும். பாலியெஸ்டர் எளிதில் அறாது, இழுபட்டு நீளும்; நீண்ட இடத்தில் ஒலி நிரந்தரமாகக் குழைந்துவிடும். 1970களிலும் 1980களிலும் செய்யப்பட்ட சில உயர்தர நாடாக்களில் காந்தத்தூளைப் பிணைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகிறது. ஓட்டினால் கீச்சிட்டு நிற்கும். ஹெட்டில் செம்பழுப்புத் தூள் அப்பிக்கொள்ளும். அந்தத் தூள்தான் பாட்டு. இவ்வகை நாடாவை ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணிநேரம் வைத்து உலர்த்தினால் சில வாரங்களுக்குப் பிழைக்கும்; அதற்குள் படியெடுத்துவிட வேண்டும். அசிட்டேட் நாடாவுக்கு இதே வைத்தியத்தைச் செய்தால் நாடா பாழ். நோய் அறியாமல் மருந்து கொடுக்கலாகாது என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் காசெட்டை அறிமுகப்படுத்தியது. தமிழகத்தில் அது பரவியது 1970களின் பிற்பகுதியில் தொடங்கி 1980களில். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் 'டூ-இன்-ஒன்' பெட்டிகளுடன் திரும்பினார்கள். சென்னை பர்மா பஜாரில் வெற்று காசெட்டுகள் கிடைத்தன. ஊருக்கு ஒரு 'ரெக்கார்டிங் சென்டர்' வந்தது; பாட்டுகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தால் 60 மணித்துளி நாடாவிலோ 90 மணித்துளி நாடாவிலோ பதிந்து கொடுப்பார்கள். திருவள்ளூர்த் தேரடிப் பக்கம் இளையராஜா பாடல்கள் நிரம்பிய நாடாக்களுக்காகக் காத்திருந்த தலைமுறை இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. அவர்களுள் நாமும் உண்டு. கடிதம் எழுதத் தெரியாதவர்களும் காசெட்டில் பேசி அனுப்பினார்கள். மெழுகு உருளையோடு போய்விட்ட வீட்டு ஒலிப்பதிவு, ஏழை வீட்டுக்கும் திரும்பி வந்தது இக்காலத்தில்தான்.

90க்கு மேல் 120 மணித்துளி நாடாவும் கிடைத்தது. நீளம் கூடக்கூட நாடா மெலியும். 60இல் ஏறத்தாழ 18 மைக்ரான் கனம், 90இல் 12, 120இல் 9 மைக்ரான்தான். காசுக்கு அதிகப் பாட்டு என்று வாங்கியவர்கள் எல்லாரும் பெட்டிக்குள் நாடா சிக்கிச் சேமியாவாக வெளிவரும் காட்சியைக் கண்டிருப்பர். பென்சிலைப் பல்சக்கரத்தில் விட்டுச் சுழற்றி உள்ளே அனுப்புவது அக்காலத்து வீட்டு மருத்துவம். அதற்கும் மீறியவை வயலுக்குப் போயின. நெற்கதிர் முற்றும் காலத்தில் வரப்புக்கு வரப்பு இழுத்துக் கட்டிய பழுப்பு நாடா வெயிலில் மின்னிக்கொண்டும் காற்றில் விர்ரென்று ஒலித்துக்கொண்டும் குருவிகளை விரட்டும். திருவள்ளூரைச் சுற்றிய கழனிகளில் நாம் கண்ட காட்சி இது. யார் வீட்டுக் கல்யாணத்து நாகஸ்வரம் அங்கே மின்னியதோ!

பழைய தட்டுகளுக்கும் நூல்களுக்கும் புகலிடமாயிருந்த சென்னை மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. அதைப்பற்றி எழுதினால் இக்கட்டுரை முடியாது.

கும்மிடிப்பூண்டியை நாட்டார் பலரும் தொழிற்பேட்டையாகவே அறிவர். உருக்காலைகளும் உருட்டாலைகளும் நிறைந்த ஊர். அங்கே 1990 முதல் ஈழத்தமிழர் ஏதிலியர் முகாம் ஒன்றும் இருக்கிறது. அம்முகாமிலிருந்து வந்து நம்மிடம் படித்த மாணவி ஒருத்தி, சில ஆண்டுகளுக்குமுன் பாலித்தீன் பையில் சுற்றிய காசெட் ஒன்றைக் கொண்டுவந்தாள். "அம்மம்மாவின்ட குரல் இதுக்குள்ள இருக்கு ஐயா. அம்மா ஒருக்காக் கேட்க வேணும் எண்டு நிக்கிறா" என்றாள். இரண்டாம் ஈழப்போர் தொடங்கிய 1990இல், தோணி ஏறுமுன் மன்னார்ப் பக்கம் பதிந்தது என்பது அவள் வீட்டார் சொல். தாலாட்டும் ஒப்பாரியும் அதில் உண்டு. பாட்டி தோணி ஏறவில்லை.

அந்த நாடாவைக் கேட்கவேண்டும் என்று அவள் தம்பி எங்கிருந்தோ ஒரு பழைய டூ-இன்-ஒன்னை வாங்கிவந்து போட்டிருக்கிறான். பெட்டி பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. நாடாவை இழுத்துச் செல்லும் ரப்பர் உருளை இறுகிக் கல்லாகியிருந்தது. நாடா உருளையில் சுற்றிக்கொண்டது. பதற்றத்தில் இழுத்ததில் இரண்டிடத்தில் அறுந்தது. அக்கம்பக்கத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுப் பெட்டிக்குள் தையல் எந்திர எண்ணெயை விட்டிருக்கிறார்கள். பெல்ட்டில் எண்ணெய் பட்டு வழுக்கி, அதன்பின் பெட்டி ஓடவேயில்லை.

நாம் தமிழிலக்கியம் படித்தவர், மின்னணுவியல் அன்று. ஆயினும் பாடபேதம் பார்க்கும் முறை இங்கும் உதவிற்று: எதில் பழுது என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பது. பெட்டியா, காசெட்டின் கூடா, நாடாவா? பெட்டியைக் கைவிட்டோம்; எண்ணெய் நீக்கும் முயற்சிக்கு அந்த நாடாவைப் பணயம் வைக்க மனமில்லை. ஓடும் நிலையிலுள்ள ஒரு டெக்கை நண்பர் கொடுத்தார். ஹெட்டையும் உருளையையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தபின், முதலில் இழந்தாலும் கவலையில்லாத சினிமாப் பாட்டுக் காசெட்டை இருமுறை ஓட்டிப் பார்த்தோம். இந்த ஒரு படியை அந்தத் தம்பி செய்திருந்தால் நாடா அறுந்திராது. மாணவியின் காசெட் கூடு திருகாணி இல்லாமல் ஒட்டப்பட்ட வகை. விளிம்பில் கத்தியை நுழைத்துப் பிளந்தோம். உள்ளே நாடாவை ஹெட்டோடு அணைக்கும் சிறு பஞ்சுத்திண்டு உதிர்ந்து கிடந்தது. ஐந்து திருகாணிகள் உள்ள வேறொரு வெற்றுக் காசெட்டைத் திறந்து, அதன் நாடாவை அகற்றி, இந்த நாடாவை அதில் குடியேற்றினோம். அறுந்த இடங்களை இதற்கென்றே உள்ள ஒட்டுப் பட்டையால் சேர்த்தோம். செலோடேப்பை ஒட்டினால் அதன் பசை நாளடைவில் கசிந்து அடுத்தடுத்த சுற்றுகளையும் பிடித்துக்கொள்ளும்.

ஓட்டியபோது குரல் வந்தது. ஆனால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கி வந்தது. ஹெட்டின் பக்கத்தில் ஒரு சிறு திருகு உண்டு. பதிந்த பெட்டியின் ஹெட் சாய்ந்திருந்த அதே கோணத்தில் கேட்கும் பெட்டியின் ஹெட்டும் சாய்ந்தால்தான் மெல்லிய ஒலிகள் எழும். அத்திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பியபோது 'ச'கரமும் 'ர'கரமும் பிரிந்து கேட்டன. அருகிருந்த மாணவி எழுந்து வெளியே போய்விட்டாள்.

அந்நாடாவில் மின்னோட்ட முனகல் இல்லை. மின்சாரம் இல்லாத நாள்களில் பாட்டரியில் பதிந்ததாக வீட்டார் சொன்னதற்கு இது துணைச்சான்று. இன்னொன்றும் கண்டோம். தொடக்கத்தில் முதிய குரலாக இருப்பது போகப்போக மெல்ல உயர்ந்து, இறுதியில் இளம்பெண் குரல்போல் ஆகிவிடுகிறது. பாடியவர் உச்சத்தில் பாடியதால் அன்று. பதியும்போது பாட்டரி தளர்ந்து மோட்டார் மெதுவாகியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் ஏறிவிடுகிறது. அந்தப் போர்க்காலத்தில் வடபகுதிக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் பாட்டரியும் இருந்தது. மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர் மக்கள். எனவே, கணிப்பொறியில் குரலைப் படிப்படியாகக் கீழிறக்கிச் சமன்செய்த படி ஒன்றும், நாடாவில் உள்ளவாறே விட்ட படி ஒன்றுமாக இரண்டு கொடுத்தோம். திருத்திய பதிப்பு மட்டும் எஞ்சி மூலம் மறைந்துபோன நூல்கள் நம்மிடம் போதிய அளவு உள்ளன.

இரண்டாம் பக்கத்தில் ஏறத்தாழ நான்கு மணித்துளி போயிருந்தது. நடுவே வானொலியில் கிரிக்கெட் வருணனை. முகாமில் இருந்த காலத்தில் யாரோ ஒரு சிறுவன் சிவப்புப் பொத்தானை அமுக்கியிருக்கிறான். அதன்கீழ் பாட்டியின் குரல் இருக்குமா என்று கேட்டாள். இருக்காது. ஹெட்டுக்கு முன்னதாக அழிக்கும் ஹெட் ஒன்று இருக்கிறது. அது துடைத்த இடத்தில்தான் புதிய ஒலி பதிகிறது. அழிந்ததை மீட்பது உலகின் பெரிய வல்லுநர்களாலும் ஆகவில்லை. 1972 ஜூன் 20ஆம் நாள் அமெரிக்க அதிபர் நிக்சன் அலுவலகத்தில் பதிந்த நாடாவில் பதினெட்டரை மணித்துளி வெற்றொலியாகக் கிடந்தது. அவருடைய செயலாளர், தொலைபேசியை எடுக்கும்போது தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தி மிதியில் காலை வைத்துவிட்டதால் அதில் ஏறத்தாழ ஐந்து மணித்துளி தம்மால் அழிந்திருக்கலாம் என்றார். நீதிமன்றத்துக்காக ஆறு வல்லுநர்கள் 1974இல் ஆராய்ந்தனர். அழிக்கும் ஹெட் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நாடாவில் காந்தத் தழும்பு ஒன்றை விட்டுச் செல்கிறது. அத்தழும்புகளை எண்ணி, குறைந்தது ஐந்து முறை, ஒருவேளை ஒன்பது முறை தனித்தனியாக அழிக்கப்பட்டிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தனர். எப்படி அழிந்தது என்று சொல்ல முடிந்தது. என்ன அழிந்தது என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை. அதிபரின் குரலுக்கே அந்த நிலை என்று சொன்னபோது அவள் சிரித்தாள்.

ஒலிப்பதிவைத் தேடி வந்தவர்களுள் டச்சுக்காரரான ஆர்னால்டு பாக்கே நினைவுக்கு வருகிறார். 1938இல் தமிழகம், கேரளம், கர்நாடகப் பகுதிகளில் அலைந்து, டெஃபி எனப்படும் ஜெர்மானியக் கருவியில் நாட்டார் பாடல்களையும் கூத்துகளையும் பதிந்தார். அக்கருவி நீண்ட படலப் பட்டையில் ஒலிப்பள்ளம் கீறுவது. வேறு எந்தப் பெட்டியிலும் ஓடாது. 1963இல் அவர் மறைந்தபின், அவரிடம் பயின்ற நசீர் ஜைரஸ்போய் 1984இல் அப்பதிவுகளின் படிகளோடு அதே ஊர்களுக்குத் திரும்பிச்சென்று, பாடியவர்களின் வழியினருக்குப் போட்டுக் காட்டினார். ஊருக்கு ஒலியைத் திருப்பிக்கொடுத்த அந்தப் பயணம், பதிவு செய்த பயணத்துக்கு ஈடானது என்பது நம் கருத்து. 1982இல் தொடங்கப்பட்டு இப்போது குர்கானில் இயங்கிவரும் இனவரைவிசை ஆவணக் காப்பகமும், சென்னை மியூசிக் அகாதெமியின் ஒலிக்காப்பகமும் இத்துறையில் நற்பணி ஆற்றுகின்றன. வீட்டுப் பரணில் கிடப்பவை அங்கெல்லாம் தாமாகப் போய்ச் சேர்வதில்லை.

வீட்டில் சுருளோ காசெட்டோ வைத்திருப்போர் உடனே செய்யத்தக்கது ஒன்று உண்டு. காசெட்டின் முதுகுப் பக்கத்து இரு மூலைகளிலும் சிறு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். உங்களை நோக்கிய பக்கத்துக்குரியது இடப்புற நாக்கு. அதை உடைத்துவிட்டால் பதிவுப் பொத்தான் அமுங்காது, அழிக்கவும் இயலாது. மாணவியின் காசெட்டில் இரண்டு நாக்குகளும் உடைபடாமல் இருந்தன. புதிய கூட்டில் இரண்டையும் உடைத்துவிட்டே கொடுத்தோம்.